ஒட்டவைத்த நுரை: சூழலியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளநிலை மாணவர்களுக்குச் சூழலியல் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஆசிரியராக இதை எழுதுகிறேன். சென்ற பருவத்தில் நொய்யல் ஆற்றைப் பற்றி என் மாணவர் ஒருவர் கொடுத்த களப்பணி அறிக்கையில், தடுப்பணைக்குக் கீழே நுரை பொங்கி நிற்கும் படம் ஒன்று இருந்தது. நானும் முதலில் மலைத்துத்தான் போனேன். உற்றுப் பார்த்தபோது, இடப்பக்க நுரைக்குவியலும் அதில் சிக்கியிருந்த நீலச் செருப்பும் வலப்பக்கத்திலும் அச்சு அசலாக அப்படியே இருப்பது தெரிந்தது. கேட்டேன். "நாங்க போன அன்னிக்கு நுரை கம்மியாத்தான் சார் இருந்துச்சு. மத்த நாள்ல இதைவிட மோசமா இருக்கும்னு ஊர்க்காரங்க சொன்னாங்க" என்றார். அவருக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆற்றின் மேலுள்ள அக்கறையில்தான் அப்படிச் செய்திருக்கிறார். அதனாலேயே எனக்குக் கவலை கூடியது.

அன்று நுரை குறைவாக இருந்தது என்பதே ஆராய வேண்டிய செய்தி அல்லவா? முதல் நாள் மழை பெய்ததா, சாயக்கழிவு இரவில் மட்டும் திறந்துவிடப்படுகிறதா, எந்த நாளில் எந்த நேரத்தில் போனால் நுரையைக் காணலாம் என்று அவர் ஊராரிடம் மேலும் விசாரித்திருந்தால், அதைவிடச் சிறந்த களப்பணி வேறு இருந்திருக்காது. நொய்யலைக் காக்கப் போராடிய பாசன விவசாயிகளின் வழக்கில்தான் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்படிப்பட்ட ஆற்றைப் பற்றிய ஒரு படம் பொய் என்று தெரிந்துவிட்டால், அடுத்து வரும் உண்மைப் படத்தையும் எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.

இது வெறும் அச்சமன்று. 2010 மே மாதத்தில், பருவநிலை அறிவியலின் நேர்மையைக் காக்கக் கோரி அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்கள் 255 பேர் எழுதிய கடிதத்தை 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. அதனுடன் இதழ் சேர்த்த, பனிப்பாளத்தில் தனித்து நிற்கும் துருவக்கரடியின் படம், பல படங்களை ஒட்டி உருவாக்கியது என்று தெரியவந்தது. இதழ் படத்தை மாற்றியது. ஆனாலும் கடிதத்தின் வாதங்களுக்குப் பதில் சொல்ல இயலாதவர்கள் அந்தக் கரடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

சூழலியலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டிப் பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டத்தில், 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. அந்த 25ஐப் போடும்போது பளிச்சென்ற படத்துக்கு நாங்கள் கூடுதலாகப் போட்டுவந்திருக்கிறோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

படத்திருத்தத்தை அடியோடு தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தேவையற்ற ஓரத்தை வெட்டுவதும், இருண்ட படத்துக்குச் சற்று வெளிச்சம் கூட்டுவதும் தவறாகா. இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் களப்பணி அறிக்கையில் கூடவே கூடாது. நிறத்தில் இன்னும் கவனம் வேண்டும்: சாயநீரின் நிறமே அங்கு சான்றாக இருக்கையில், நிறச்செறிவைச் சிறிது கூட்டினாலும் சான்று கெட்டுவிடுகிறது. பல கைபேசிகள் நாம் கேட்காமலேயே நிறத்தைத் தூக்கிக் காட்டுவதால், நீரின் அருகே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுக்கும்படி இப்போது என் மாணவர்களிடம் சொல்கிறேன். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நீரின் நிறத்தையும் நம்ப முடியாது என்பது அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

ஆகவே, திருத்திய படத்துடன் மூலக்கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்றும், எடுத்த இடம், நாள், நேரம், செய்த திருத்தம் ஆகியவற்றைப் படத்தின் கீழே எழுத வேண்டும் என்றும் விதி வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதனுள் பதிந்திருக்கும் விவரங்கள் அழிந்துவிடுவதால், மூலக்கோப்பை அவ்வழியே பெறக் கூடாது. விழிப்புணர்வுச் சுவரொட்டியை இதிலிருந்து பிரித்து, தனி ஒப்படைப்பாக வைக்கலாம். கற்பனைப் படம் என்ற குறிப்போடு மாணவர்கள் அங்கே விரும்பியவாறு படங்களை ஒட்டி வெட்டிக்கொள்ளட்டும்.

வரும் பருவத்துக்கான மதிப்பீட்டு முறையை இறுதி செய்யும் முன் இவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். அந்த மாணவர் மீண்டும் ஆற்றுக்குப் போய், நுரை குறைந்த அதே தடுப்பணையை நான்கு வெவ்வேறு நாள்களில் படமெடுத்து வந்திருக்கிறார். அவற்றுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்று சொல்ல இன்றைய விதிகளில் ஒரு வரியும் இல்லை.

இப்படிக்கு,
சூழலியல் ஆசிரியர் ஒருவர்