சீட்டை எடுத்தவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர்

ஆசிரியருக்கு,

2025 ஜூனில் நடந்த என்.எச்.எல். ஐஸ் ஹொக்கி டிராஃப்டில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு முதற்சுற்றுத் தெரிவு இல்லாமற் போனதில் நட்டம் ஒன்றுமில்லை என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பதினெட்டு வயதுப் பையன்கள், எவன் தேறுவான் என்று யார் கண்டது என்பது அவருடைய வாதம். (டிராஃப்ட் என்றால் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுப்பது. பருவத்தில் கீழே முடித்த அணிக்கு முறை முன்னால் வரும், அந்த முறையை இன்னோர் அணிக்கு விலையாகக் கொடுக்கவும் முடியும்.) அது பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஹொக்கி பழக்கியது என் மகன். 2009 செப்ரெம்பரில் லீஃப்ஸின் பொது முகாமையாளர் பிரையன் பேர்க் பொஸ்ரன் அணியிடமிருந்து ஃபில் கெசலை வாங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. 2010, 2011 இரண்டு வருடத்து முதற்சுற்றும், கூடவே ஓர் இரண்டாம் சுற்றும் விலையாகப் போயின. கெசல் கோல் அடிக்கத் தெரிந்தவர், அவரில் குறை சொல்லமாட்டேன். ஆனால் தன்னுடைய அணி எந்த இலட்சணத்தில் இருக்கிறது என்று பேர்க் பார்க்கவில்லை. அந்தப் பருவம் 30 அணிகளில் லீஃப்ஸ் 29ஆவதாக முடித்தது. அதனால் பொஸ்ரனுக்குக் கிடைத்தது இரண்டாவது தெரிவு, டைலர் செகின். அடுத்த வருடத்தது ஒன்பதாவது, டகி ஹமில்ரன். செகின் தன் முதல் வருடத்திலேயே லீக்கின் வெற்றிக்கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார். எங்கள் வீட்டில் கெசலின் 81ஆம் இலக்கச் சட்டை ஒன்று மட்டும் இருந்தது.

இருந்தாலும் கெசல் விவகாரத்தைவிட எனக்கு அதிகம் உறைத்தது பற்றிக் மாலோ விவகாரம். 2017இல் அப்போதைய முகாமையாளர் லூ லமொரியெல்லோ 37 வயது மாலோவுக்கு வருடம் 62.5 லட்சம் டொலர்ப்படி மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார். 35 வயதுக்கு மேல் ஒருவரோடு இப்படி ஒப்பந்தம் செய்தால், அவர் ஓய்வு பெற்றாலும் அந்தத் தொகை அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கிலிருந்து, அதாவது ஓர் அணி ஒரு வருடம் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய எல்லையிலிருந்து, இறங்காது. 2019இல் மிச் மார்னருக்கும் மற்றவர்களுக்கும் புதுச் சம்பளம் கொடுக்க இடம் தேவைப்பட்டது. அடுத்து வந்த முகாமையாளர் கைல் டுபஸ் மாலோவைக் கரொலைனாவின் தலையில் கட்டினார். ஏற்றுக்கொண்டதற்குக் கூலி 2020இன் முதற்சுற்று. கரொலைனா மாலோவை ஒரு ஆட்டம்கூட ஆடவிடவில்லை, காசைக் கொடுத்து விடுவித்துவிட்டது.

2020 ஒக்ரோபரில் டிராஃப்ட் நடந்த இரவு நானும் மகனும் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். கொரோனா என்பதால் மண்டபமும் இல்லை, மேடையும் இல்லை, ஒவ்வொரு அணியும் தன்தன் இடத்திலிருந்தே பெயர் சொன்னது. பதின்மூன்றாவதாகக் கரொலைனா சேத் ஜாவிஸ் என்றது. மகன் சத்தத்தைக் குறைத்துப்போட்டுச் சொன்னான்: "அப்பா, இது எங்கட நம்பர்." அந்தப் பையன் 2023-24, 2024-25 இரண்டு பருவத்திலும் முப்பது கோலுக்கு மேல் அடித்தான். தேறுவானோ மாட்டானோ என்று கேட்கும் அன்பர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்: தேறினால், முதல் மூன்று வருடம் குறைந்த அடிப்படைச் சம்பளத்தில் முன்வரிசை ஆட்டக்காரன். உச்சவரம்பு உள்ள லீக்கில் அதைவிட மலிவான சாமான் கிடையாது.

நானும் வருடக்கணக்காகச் சீட்டுக் கட்டினவன். அவசரத்துக்குக் கழிவு கூறி முன்னுக்கே எடுக்கலாம், தப்பில்லை. எடுத்தவர் கடைசி மாதம்வரை நின்று கட்டவேண்டும், அவ்வளவுதான். முகாமையாளர்களின் சீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. 2025இன் முதற்சுற்றை 2023 பெப்ரவரியில் டுபஸ்தான் சிக்காகோவுக்குக் கொடுத்தார். தவணை வந்தபோது அவர் பிற்ஸ்பேர்க் அணிக்குப் போயிருந்தார். (அந்தப் பேரத்தில் வந்த ஜேக் மக்கேப் இன்றும் லீஃப்ஸின் பின்களத்தில் நிற்கிறார். அதை நான் நல்ல கொள்வனவு என்றே சொல்வேன்.)

முதற்சுற்றைக் கொடுக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. கொடுத்து வாங்குகிற ஆள் எத்தனை வருடம் நிற்பார் என்று கேட்கிறேன். 2021இல் கொலம்பஸிடம் முதற்சுற்றைக் கொடுத்து நிக் ஃபொலினோவை எடுத்தார்கள். லீக் ஆட்டம் ஏழு, கிண்ணத்துக்கான பிளேஓஃப் ஆட்டம் நான்கு, கோல் ஒன்றுமில்லை. கோடையில் ஆள் பொஸ்ரனுக்குப் போய்விட்டார். வாடகை ஆட்டக்காரர் என்று சும்மா சொல்வதில்லை.

ரம்பா பே அணியின் முகாமையாளர் ஜூலியன் பிறிஸ்புவா 2020 பெப்ரவரியில் ஒன்றல்ல, இரண்டு முதற்சுற்றைக் கொடுத்தார். பிளேக் கோல்மனும் பார்க்லி குட்றோவும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் குறைந்த சம்பளத்தில் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தது. ஒரே விலைக்கு இரண்டு பருவம், இரண்டு கிண்ணம். 2022இல் மறுபடியும் இரண்டு முதற்சுற்றும் இரண்டு இளைஞர்களும் கொடுத்து 23 வயது பிரண்டன் ஹேகலை வாங்கினார். வருடம் 15 லட்சம் டொலர்ப்படி அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஹேகல் இன்றும் அங்கேதான் ஆடுகிறார். அதே மனிதர் அடுத்த வருடம் ரானர் ஜனோவுக்கு ஒரு முதற்சுற்றோடு இன்னும் ஒரு கூடைத் தெரிவுகளைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் அன்பர் சொல்லுவார்.

2025 மார்ச்சில், டுபஸுக்குப் பின் லீஃப்ஸுக்கு வந்த முகாமையாளர் பிராட் றிலிவிங் 2026, 2027 முதற்சுற்று இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தார். 2026ஆவது பொஸ்ரனுக்கு, பின்கள ஆட்டக்காரர் பிரண்டன் கார்லோவுக்காக. முதல் ஐந்துக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்ற பாதுகாப்பு இந்த முறை இருந்தது. பேர்க்கிடம் அதுகூட இருக்கவில்லை. கார்லோவின் ஒப்பந்தம் 2027 கோடைவரை ஓடும், ஆகவே விலை அதிகமானாலும் சகிக்கலாம். ஆனால் இளம் ஆட்டக்காரன் ஃபிரேசர் மின்ரனையும் சேர்த்து அனுப்பியது வயிற்றெரிச்சல். 2022இல் கோல் காப்பாளர் பீற்றர் மிராசெக்கின் சம்பளத்தைக் கழற்றிவிட 25ஆவது தெரிவைக் கொடுத்து 38ஆவதை வாங்கினார்களே, அந்த 38தான் மின்ரன். ஆக அந்த வருடத்து முதற்சுற்றில் மிஞ்சியிருந்த துண்டும் போயிற்று.

மார்னரும் 2025 கோடையில் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். 2015இல் நாலாவதாக எடுத்து வளர்த்த ஆட்டக்காரர். அந்த இடத்துக்கு இனி மலிவாக ஒருவர் கீழிருந்து வரவேண்டும் என்றால், 2023இல் 28ஆவதாக எடுத்த ஈஸ்ரன் கவன் என்ற பையனைத்தான் அப்போது எல்லாரும் கைகாட்டினார்கள். அவனுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருக்கவில்லை.

2027ஆவது பிலடெல்பியாவுக்கு, ஸ்கொட் லோட்டனுக்காக. அவருடைய அந்த ஒப்பந்தம் 2026 கோடைவரைதான். முதல் பத்துக்குள் விழாவிட்டால், 2027 ஜூனில் பிலடெல்பியா அந்தத் தெரிவில் ஒரு பையனின் பெயரை வாசிக்கும்போது லோட்டனின் ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அன்றைக்கும் நட்டம் ஒன்றுமில்லை என்று எழுதுவதானால், அன்பர் என் மகனையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதட்டும்.

ஒரு வாசகன்,
ஸ்காபரோ