கிடங்கு மாற்றும் நண்பனுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் செய்தியைப் பார்த்ததும் ரொம்ப சந்தோஷம். ஊபி கிடங்கைத் துவாஸுக்கு மாற்றும் வேலை முழுவதையும் உன்னிடம் கொடுத்திருக்கிறார் என்றால் உன் முதலாளி சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். இங்கே எல்லோரும் நலம். மகன் தெக்கோங் தீவில் தேசிய சேவைப் பயிற்சியில் இருக்கிறான், அவன் அம்மாவுக்கு அவன் வீட்டுக்கு வரும் வாரக் கடைசிதான் நினைப்பு. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

சரி, இந்த மாற்றத்தை எப்படித் திட்டமிட்டுத் தாமதமில்லாமல் முடிப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அலுவலகங்களுக்கு உள் அலங்கார வேலை செய்து கொடுக்கும் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: திட்டங்கள் வேலையால் தாமதமாவதில்லை, காத்திருப்பதால்தான் தாமதமாகின்றன. தச்சர் ஒரு வாரத்தில் அலமாரியை முடித்துவிடுவார். ஆனால் அதன் மேல் ஒட்டும் லேமினேட் தகடு என்ன நிறம் என்ற கேள்வி வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் மூன்று வாரம் கிடக்கும், யாரும் அதை வேலையாகவே நினைக்க மாட்டார்கள், ஏனென்றால் எந்த அட்டவணையிலும் அது இருக்காது. அதனால் நீ எக்செல்லில் போடும் பட்டியலில் வேலை, ஆள், தேதி என்பதோடு இன்னொரு பத்தியும் சேர்: இது எதற்காகக் காத்திருக்கிறது, யாரிடம்? அந்தப் பத்தியை மட்டும் தினமும் காலையில் பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் பொறுப்பு என்று எழுதினால் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பார்.

அப்புறம் எந்தக் காத்திருப்பு உன்னைக் கொல்லும், எது பரவாயில்லை என்று பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1950களின் இறுதியில் ரெமிங்டன் ராண்டோடு சேர்ந்து ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை இதற்குத்தான், கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். உன் கிடங்கையே எடுத்துக்கொள். சரக்கு அடுக்கும் ராக் எவ்வளவு உயரம் என்று வரைபடம் முடிவாக வேண்டும், அந்த உயரம் மேலே இருக்கும், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் ராக் ஆர்டர், பொருத்துவது, ஒவ்வொரு தட்டுக்கும் லேபிள், அந்த இட எண்களை மென்பொருளில் ஏற்றுவது, ஆட்களுக்குப் பயிற்சி, கடைசியில்தான் சரக்கு. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு நாள் போனாலும் கடைசித் தேதியில் ஒரு நாள் போகும். பெயின்ட் அடிப்பதும் அலுவலக மேசை நாற்காலியும் இதில் இல்லை, அவை இரண்டு வாரம் தள்ளிப்போனால் நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதிகள் பற்றி ஒரு தகுதிபெற்ற நிபுணரிடம் இந்த வாரமே பேசிவிடு, ராக் விலை கேட்பதற்கும் முன்னால்.

நாள் கணக்கில் ஒரு விஷயம். எல்லோரும் பாதுகாப்புக்கு இரண்டு நாள் சேர்த்துத்தான் சொல்வார்கள், அது மனித இயல்பு. ஆனால் அந்த இரண்டு நாளும் கண்டிப்பாகக் கரைந்துவிடும். இருக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை பெருகிக்கொண்டே போகும் என்று 1955இல் எழுதிய பார்க்கின்சன், அப்போது இங்கேதான், சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அதனால் ஒவ்வொரு வேலையிலும் ஒளிந்திருக்கும் உபரி நாட்களைப் பேசி வாங்கி, மொத்தமாகக் கடைசியில் வை. யாருக்குத் தேவையோ அவருக்கு நீயே எடுத்துக் கொடு. சீனப் புத்தாண்டை மறக்காதே. பொது விடுமுறை இரண்டு நாள்தான், ஆனால் பல குத்தகையாளர்களின் ஆட்கள் அதற்கு முன்னும் பின்னும் ஊருக்குப் போய்விடுவார்கள், ஜொகூரிலிருந்து வரும் சரக்கும் நிற்கும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு.

நான் மிகவும் நம்பும் வழி ஒன்று இருக்கிறது, அதை மட்டுமாவது செய். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் இதைப் பற்றி எழுதினார். வேலை தொடங்கும் முன் எல்லோரையும் உட்காரவை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரையும் சேர்த்து. "இப்போது மார்ச் மாதம், கிடங்கு மாற்றம் படுதோல்வி. ஏன் தோற்றது? ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்று சொல். என்ன தவறலாம் என்று சாதாரணமாகக் கேட்டால் முதலாளி முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை, சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று நினைத்து எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்கள். தோல்வி ஏற்கெனவே நடந்துவிட்டது என்று ஆரம்பித்தால் காரணம் சொல்வது புத்திசாலித்தனமாக ஆகிவிடுகிறது! லாரி திரும்ப இடமில்லை, லிஃப்ட் பழுதானால் வேறு வழி இல்லை, பழைய கிடங்கின் சாவியை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, இப்படி உன் அட்டவணையில் இல்லாததெல்லாம் வந்து விழும். தாள்களைப் பெயர் இல்லாமல் வாங்கிக்கொள். தமிழிலோ வங்காளத்திலோ எழுதினாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

கூட்டங்களைச் சுருக்கமாக வை. "எத்தனை விழுக்காடு முடிந்தது" என்று கேட்காதே, தொண்ணூறு என்ற பதிலே வாரக்கணக்கில் வரும். முடிந்ததா இல்லையா, இல்லையென்றால் எதற்காக நிற்கிறது, இந்த இரண்டு கேள்வி போதும். யாராவது நடுவில் மாற்றம் கேட்டால், அதற்கு எத்தனை வெள்ளி, எத்தனை நாள் என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது எழுதி சம்மதம் வாங்கு. நல்ல மனிதர்களுக்கிடையிலும் பணத் தகராறு வருவது பெரும்பாலும் எழுதாமல் விட்ட பேச்சால்தான்.

முதல் பட்டியலை முழுமையாக இல்லாவிட்டாலும் அனுப்பு, எதை எதோடு கோக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் வருவேன். நேரம் இருந்தால் வா, ராக் வரைபடத்தையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்