கேட்பெல்ஸ் ஏறும் முன் படகு நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரை, கேட்பெல்ஸ் குன்றைக் ‘குழந்தைகளும் ஏறலாம், இரண்டு மணி நேரம் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. குழந்தைகள் ஏறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரியை மட்டும் நம்பி, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு பதினொரு மணிக்குப் போய் இறங்கும் குடும்பம் திண்டாடிப் போகும். கோடை விடுமுறை நெருங்குவதால் விடுபட்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. குன்றின் உயரம் 451 மீட்டர். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் இறங்கி நடந்தால் ஏறத்தாழ 370 மீட்டர் ஏற வேண்டும். உச்சி வழியாகப் போய் ஏரிக்கரையோரம் திரும்பும் சுற்று சுமார் 6 கிலோமீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி ஒரு மணி ஐம்பது நிமிடம் வரும். அது எங்கும் நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு. எட்டு வயதுப் பிள்ளை, சாப்பாடு, புகைப்படம், பாறையில் முன்னால் போகிறவர்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காரைக் குன்றின் அடிவாரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்றம் தொடங்கும் ஹாஸ் எண்டில் சில கார்களுக்குத்தான் இடம். மற்றவர்கள் குறுகலான சாலையோரத்தில் நிறுத்துவதால் ஆம்புலன்ஸ் கூடப் போக வழியில்லாமல் போகிறது. கெசிக் ஊரில் ஏரிக்கரைக் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் படகில் போவதுதான் சரி. ஏரியைச் சுற்றி இரண்டு திசையிலும் படகு ஓடுகிறது: கோயிலை வலம் வருவது போல் ஒன்று, அதற்கு எதிர்த்திசையில் மற்றொன்று. முழுச் சுற்றுக்குச் சுமார் 50 நிமிடம். போகும்போது எதிர்த்திசைப் படகில் ஏறினால் நிக்கல் எண்டுக்கு அடுத்த துறையே ஹாஸ் எண்ட். திரும்பும்போது வலமாக வரும் படகு. மாற்றி ஏறினால் ஏரி முழுவதையும் சுற்றித்தான் வந்து சேர வேண்டும். கிளம்பும் முன் கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய படகைப் பிடிப்பதாகவே திட்டம் போடுங்கள். குளிர்காலத்தில் படகுகள் மிகவும் குறைவு.

கட்டுரை ஒரு வார்த்தை கூடச் சொல்லாத இடம் ஒன்று உண்டு. ஹாஸ் எண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, ஸ்கெல்கில் பேங்க் என்ற முன்முகட்டை எட்டும் முன் ஒரு பாறைப் படியில் முட்டுகிறது. மலையிலும் வெளியிலும் நடக்க மக்களைத் தூண்டிய பிரிட்டனின் திறந்தவெளி இயக்கத்தின் தந்தை எனப்படும் தாமஸ் ஆர்தர் லெனார்டின் நினைவுத் தகடு அந்தப் பாறையில்தான் பதிந்திருக்கிறது. அங்கே கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். பல்லாண்டுகளாகப் பூட்ஸ் பட்டுப் பட்டுப் பாறையின் விளிம்புகள் மழுங்கி வழுவழுத்துவிட்டன. காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை, நனைந்தால் சோப்புதான். பிள்ளைகளை மேலிருந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அவர்கள் கால் பாறையை விட்டு எழும்பிவிடும். பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, எந்த இடுக்கில் கால் வைப்பது என்று காட்டினால் போதும். உச்சிக்குச் சற்று முன்பும் இதுபோன்ற இன்னொரு பாறைப் பகுதி வருகிறது.

இத்தகைய பாறையில் ஏறுவதை விட இறங்குவது கடினம். அதனால் வடக்கிலிருந்து ஏறித் தெற்கில் இறங்குவதே நல்லது. ‘பாதியில் திரும்பிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் தகட்டுப் பாறைக்குக் கீழேயே திரும்பிவிட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் உச்சியைக் கடந்து போவதுதான் பெரும்பாலும் எளிது. திரும்புகிறவர்களுக்கும் குறையில்லை, ஏரியும் தீவுகளும் அங்கிருந்தே தெரிகின்றன.

உச்சியில் வடக்கே ஸ்கிடா மலை, தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கு, மேற்கே நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கு. ஏரி கிழக்குப் பக்கம் இருப்பதால் காலையில் வெயில் கண்ணில் அடித்து, தண்ணீர் வெள்ளைத் தகடாகத்தான் தெரியும். புகைப்படம் எடுக்க மதியத்துக்கு மேல்தான் சரியான நேரம்.

இறங்கும்போது தெற்கே தெரியும் தாழ்வான இடத்தின் பெயர் ஹாஸ் கேட். படகுத்துறையின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே இடப்பக்கம் திரும்பினால் ஏரி. நேராகப் போனால் மெய்டன் மூர் என்ற அடுத்த மலை. மூடுபனியில் வலப்பக்கம் இறங்கிவிட்டால் நியூலண்ட்ஸ் பக்கம் போய்ச் சேர்வீர்கள், அங்கே படகும் இல்லை, ஏரியும் இல்லை. சரிவுகளில் பழைய ஈயச் சுரங்கங்கள் இருப்பதால் குறுக்கு வழி தேடவும் வேண்டாம். கல் பாவிய பாதை முழங்காலைச் சோதிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அதை விட்டு ஓரப் புல்லில் நடந்தால் மண் அரித்துப் பள்ளமாகிவிடும்.

முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஹாஸ் எண்டிலிருந்து ஏரியை ஒட்டியே பிராண்டல்ஹோ மரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது, ஏற்றம் மிகக் குறைவு. 1902-இல் பொதுமக்கள் தந்த பணத்தில், இயற்கை எழில் மிக்க இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வாங்கிய நிலம் அது, ஏரி மாவட்டத்தில் அந்த அமைப்பு வாங்கிய முதல் நிலம். பெரியவர்கள் அந்த வழியே நிதானமாக நடந்து ஹை பிராண்டல்ஹோ படகுத்துறைக்கு வரட்டும். மலை ஏறியவர்களும் இறங்கி அங்கேயே வந்து சேர்ந்தால் எல்லோரும் ஒரே படகில் திரும்பலாம்.

மேலே கடையோ கழிப்பறையோ இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், புளியோதரையோ சப்பாத்தியோ, காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு, அடிப்பகுதி பிடிப்புள்ள ஷூ இவை அவசியம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, முகட்டுக் காற்றில் உடம்பு விறைத்துவிடும். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

இனி இதழில் எந்த மலைநடையைப் பற்றி எழுதினாலும் கிலோமீட்டரோடு ஏற்றத்தின் உயரம், கையூன்ற வேண்டிய இடம், திரும்புவதற்கான கடைசி வண்டி அல்லது படகு ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்பெல்ஸுக்கான திருத்தத்தைப் பள்ளி விடுமுறை தொடங்கும் முன் வரும் இதழிலேயே போட்டால் நல்லது.

அன்புடன்,
வாசகர், பிரெஸ்டன்