2025–26 ஆண்டறிக்கை: தருமபுரி காமிக்ஸ் வாசகர் மன்றம்

தலைவர் ஐயா அவர்களுக்கும், முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட மூத்த உறுப்பினர்களுக்கும், பாலக்கோட்டுப் பஸ் கிடைக்காமல் இன்னும் வழியில் இருக்கும் இரண்டு பேருக்கும் வணக்கம்.

முதலில் நிர்வாகச் செய்திகளை முடித்துவிடுகிறேன். வழக்கம்போல மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள டுடோரியல் மாடியில் கூடினோம். ஐப்பசி மழையில் ஒரு கூட்டமும், பிள்ளைகளின் பொதுத்தேர்வு நேரத்தில் ஒரு கூட்டமும் நடக்கவில்லை. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சில இளைஞர்களும், கல்லூரி மாணவிகள் சிலரும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைப்பதை அவரும் விரும்பமாட்டார், நானும் விரும்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு முழுக்க வேதாளரை, அதாவது ஆங்கிலத்தில் ஃபேன்டம் என்ற முகமூடி வீரனின் காமிக்ஸை மட்டும் படிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். லீ ஃபாக் எழுதிய இந்தத் தொடர் 1936 பிப்ரவரி 17-ல் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது. இந்த பிப்ரவரியோடு 90 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வேறு காமிக்ஸ் நாயகரான டெக்ஸ் வில்லரின் கட்சியினர் முணுமுணுத்தார்கள். காமிக்ஸ் நாயகி மாடஸ்டியின் ரசிகர் ஒருவர் இரண்டு கூட்டத்துக்கு வராமல் எதிர்ப்பைக் காட்டினார். பிறகு வந்துவிட்டார், வந்ததோடு எல்லாரையும் விட அதிகமாகப் பேசினார்.

இந்த முடிவுக்கு இன்னொரு காரணம் காரிமங்கலத்து உறுப்பினர் கொண்டுவந்த துணிப்பை. அவருடைய அப்பா பல வருஷங்களாக ஆங்கில நாளிதழில் வந்த வேதாளர் ஸ்ட்ரிப்புகளை, அதாவது தினம் ஒரு வரியாக வரும் படக்கதைத் துண்டுகளை வெட்டி, பழைய கணக்கு நோட்டுகளில் மைதாப் பசை தடவி ஒட்டி வைத்திருந்தார். பசை இருந்த இடமாகப் பார்த்துப் பூச்சி தின்றிருந்தது. பாதிக்கு மேல் நோட்டை விட்டுப் பிரிந்து உதிரியாகக் கிடந்தன. அவற்றை வரிசைப்படுத்தும் வேலையை இரண்டு இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் கட்டங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் தேதி இருக்கும். அதைப் பார்த்து அடுக்கினார்கள். அடுக்கி முடித்துப் படித்தால் கதை ஓடவில்லை. கட்டிப் போடப்பட்ட ஆள் அடுத்த நாள் குதிரையில் போகிறான், அதற்கு அடுத்த நாள் மறுபடியும் கட்டிக் கிடக்கிறான். 4-25 என்று ஒன்று கையில் சிக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. வருஷத்துக்கு இருபத்தைந்து மாதம் கிடையாதே! அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால், நாள் பின்னால். இவர்கள் மார்ச் ஐந்தை மே மூன்று என்று வைத்திருந்தார்கள். மொத்தத்தையும் கலைத்து மறுபடி அடுக்கினார்கள். அப்போதும் நடுநடுவே ஓட்டை இருந்தது. தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள் பேப்பர் வராது, சில நாள் பேப்பர்காரர் வரமாட்டார். அந்த இடங்களில் அப்பா ஒரு ஸ்ட்ரிப் அளவுக்குக் காலியிடம் விட்டு வைத்திருக்கிறார், என்றாவது கிடைக்கும் என்று.

இன்னொரு குழப்பம் ஞாயிற்றுக்கிழமை. 1939 மே 28 முதல் வேதாளருக்குத் தனியாக ஞாயிறு வண்ணப் பக்கம் உண்டு. அது வேறு கதை. திங்கள் முதல் சனி வரை ஒரு கதை ஓடும், ஞாயிறுதோறும் இன்னொரு கதை ஓடும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது. இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, இந்த மனுஷன் ஒரே வாரத்தில் கடலிலும் இருக்கிறார் மலையிலும் இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். வேதாளர் நானூறு வருஷமாகச் சாகாதவர் என்று காட்டு ஜனங்கள் நம்புவதில் என்ன ஆச்சரியம் என்றார் தலைவர்.

நோட்டு ஒழுங்கானதும், அரூர் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். மொத்தமாகப் படிக்க வேண்டாம், பேப்பரில் வந்தபடியே ஒரு நாளைக்கு ஒன்று படிப்போம் என்றார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையில், கண்ணாடித் தாளுக்குள் ஒரு ஸ்ட்ரிப்பை வைத்து, அதன் கீழே வசனத்தைத் தமிழில் எழுதி ஒட்டினோம். காலையில் மாற்றும் பொறுப்பை டுடோரியல் வாட்ச்மேன் தாத்தாவே எடுத்துக்கொண்டார். உறுப்பினர்களில் பலர் மூன்றாம் நாளே பொறுமை இழந்து, நோட்டைக் கொடுங்கள் வீட்டில் படித்துக்கொள்கிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை. ஆனால் டிஎன்பிஎஸ்சி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் படியேறுமுன் நின்று படித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். இரண்டு வாரத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டும் அளவுக்குப் போய்விட்டது.

இந்த ஆண்டு நமக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து. நாம் எல்லாரும் வேதாளரைப் புத்தகமாகத்தான் படித்து வளர்ந்தோம். 1964 மார்ச்சில் டைம்ஸ் நிறுவனம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், 1972-ல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ், பிறகு ராணி காமிக்ஸ் என்று அவரவர் வயதுக்கு ஏற்ற வழியில் வந்தவர்கள். ராணி காமிக்ஸ் வழி வந்தவர்கள் வேதாளரை இன்னும் அதில் வந்த பெயரால் மாயாவி என்றுதான் சொல்கிறார்கள். புத்தகத்தில் படிக்கும்போது முதல் கட்டத்தில் நேற்று நடந்ததையே திரும்பச் சொல்வது எரிச்சலாக இருக்கும். எடிட்டர்களும் பக்கத்துக்கு அடங்க வேண்டும் என்று அப்படிப்பட்ட கட்டங்களை வெட்டுவார்கள். பலகையில் படித்தபோது அந்த முதல் கட்டம் இல்லாவிட்டால் முடியாது என்று தெரிந்தது. நேற்று வகுப்புக்கு வராத பிள்ளைக்கும் அதிலேயே கதை புரிந்துவிடுகிறது. நடுக்கட்டத்தில் ஓர் அடி நகரும், கடைசிக் கட்டத்தில் ஒரு முடிச்சு விழும். இருப்பது மூன்றே கட்டம், அதற்குள் இந்த மூன்று வேலையையும் வருஷத்துக்கு முன்னூற்றுச் சொச்சம் தடவை செய்ய வேண்டும். லீ ஃபாக் 1999 மார்ச்சில் இறக்கும் வரை இதைச் செய்தார், அதுவும் 1934-ல் தொடங்கிய மந்திரவாதி மாண்ட்ரேக் தொடரையும் கூடவே எழுதிக்கொண்டு. தினத்தந்தியில் 1960 முதல் கன்னித்தீவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தினசரி ருசி புதிது இல்லை. இழுத்துக்கொண்டே போகும் எதையும் கன்னித்தீவு என்று கேலி பேசுகிறோம். பேசுகிறவர்களும் பேப்பரைப் பிரித்ததும் சிந்துபாத் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆவணிக் கூட்டம் கொஞ்சம் சூடாகப் போனது. புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, ஒரு வெள்ளைக்காரர் பரம்பரை பரம்பரையாகக் காட்டு மக்களுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார், குள்ளர்கள் அவருக்குக் காவல் நிற்கிறார்கள், இதை எப்படி அண்ணா எந்த உறுத்தலும் இல்லாமல் ரசிக்கிறீர்கள் என்று கேட்டார். சிறு வயதில் யாரப்பா இதையெல்லாம் பார்த்தது என்று ஒரு பெரியவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. விடாததும் நல்லதுதான். ஆரம்பக் கதைகளில் இடமே நிலையாக இல்லை என்பதை அவரே எடுத்துக்காட்டினார். வங்கக் கடலோரம் மாதிரி ஒரு கிழக்குத் தேசத்தில் தொடங்கி, போகப்போக ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் காட்டில் புலியும் சிங்கமும் பக்கத்துப் பக்கத்தில் நடமாடுகின்றன. ஊருக்குப் பெயர் பங்காலா. இந்திரஜாலில் அதையே டெங்காலி என்று மாற்றி, நம்மை எல்லாம் வரைபடத்தில் தேட வைத்தார்கள்.

அதற்குப் பென்னாகரத்து உறுப்பினர் சொன்ன பதிலும் பதிவாக வேண்டும். லீ ஃபாக் அப்படியே நின்றுவிடவில்லை, பின்னாளில் பங்காலாவைத் தேர்தல் நடக்கும் சுதந்திர நாடாக்கி, டாக்டர் லுவாகா என்ற கறுப்பின மருத்துவரை அதன் ஜனாதிபதி ஆக்கினார், வேதாளரின் மனைவி டயானாவை ஐ.நா.வில் வேலை பார்க்க வைத்தார் என்றார் அவர். ஜனாதிபதி வந்த பிறகும் காட்டில் தீர்ப்புச் சொல்வது யார் என்று அந்தப் பெண் கேட்டார். பதில் வரவில்லை, டீ வந்தது. அந்தப் பெண் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அப்படிப் பட்டும் நான் அடுத்த கதையைப் படிக்கத்தான் போகிறேன்.

அன்றே வேதாளர் பரம்பரையைப் பற்றியும் பேச்சு வந்தது. 1536-ல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து தப்பிக் கரை ஒதுங்கியவர், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சபதம் செய்கிறார். மகன், பேரன் என்று அதே முகமூடியை மாட்டிக்கொண்டு வந்து, நாம் படிப்பது 21-வது வேதாளர். செத்த வேதாளர்கள் எல்லாரும் மண்டையோட்டுக் குகைக்குள் வரிசையாக அடக்கம். அரூர் ஆசிரியர் இங்கே ஒன்று சொன்னார். நம் மாவட்டத்து நடுகல்லில், செத்தவன் யார், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த மாடுபிடிச் சண்டை என்று ஊர் பார்க்கச் செதுக்கி நட்டிருக்கிறார்கள். செத்ததை ஊருக்குச் சொன்னால்தான் இங்கே வீரன். அங்கே செத்ததை மறைத்தால்தான் வீரன். இதைக் கேட்ட சூட்டில் அடுத்த ஞாயிறே சிலர் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஓவியர் சண்டை இந்த ஆண்டும் தீரவில்லை. முதலில் வரைந்த ரே மூரின் இருட்டுப் படங்களுக்கு ஈடில்லை என்று ஒரு தரப்பு. 1961 முதல் 1994 வரை வரைந்த சை பேரிதான் வேதாளர் என்று பெரும்பான்மை. இடையில் வில்சன் மெக்காய் வரைந்ததைப் பொம்மைப் படம் என்று ஒருவர் சொல்லப்போய், மெக்காய்க்கு ஆதரவாக யாரும் எதிர்பாராதபடி பொருளாளரே எழுந்துவிட்டார். 2016-ல் பால் ரயன் மறைந்த பிறகு வந்த மைக் மேன்லி வரை பேசினோம். லீ ஃபாக்குக்குப் பின் பேனா பிடித்த டோனி டிபால், டயானா செத்துவிட்டதாக வேதாளரை நம்பவைத்துவிட்டு அவளைச் சிறையில் வைத்திருந்த கதையை இளைஞர்கள் வெகுவாகப் புகழ்ந்தார்கள். 1977 கல்யாணக் கதையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 17 செவ்வாய்க்கிழமை. வேலை நாள் என்பதால் கூட்டம் வராது என்று நினைத்தோம். பரவாயில்லை, மாடி நிறைந்தது. முதல் கதையின் ஆரம்பப் பகுதியைத் தமிழில் வாசித்தார்கள். லீ ஃபாக் முதலில் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார வாலிபன்தான் முகமூடிக்குள் இருக்கிறான் என்று கொண்டுபோக நினைத்து, கதை ஓடும்போதே மனசு மாறி வேதாளரைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார். தினசரித் தொடரில் நேற்றுப் போட்டதை அழிக்க முடியாது, தாண்டித்தான் போக வேண்டும். ஜிம்மி என்ன ஆனான் என்று வாட்ச்மேன் தாத்தா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கேசரி செலவு தலைவருடையது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டுதான். பலகையில் தினம் ஒரு ஸ்ட்ரிப் தொடர வேண்டும், இந்த முறை துப்பறிவாளர் ரிப் கிர்பியின் தொடர். காரிமங்கலத்து நோட்டுகளை மன்றச் செலவில் பைண்டிங் செய்து உறுப்பினரிடமே திருப்பித் தர வேண்டும். காலியிடங்களைக் கம்ப்யூட்டரில் தேடி நகல் எடுத்து நிரப்பலாம் என்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது. உறுப்பினர் அதற்குச் சம்மதிக்கவில்லை, நானும் அவர் பக்கம். ஓட்டுக்கு விடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மன்ற நூலகத்திலிருந்து போன இந்திரஜால் இதழ்களில் ஒரு கட்டு இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது, பெயரை வாசிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்குள் வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்துவிட்டால் போதும். இப்போது வரவு செலவு வாசிப்பு. அது முடிந்த பிறகுதான் வடை.

இப்படிக்கு,
செயலாளர்
தருமபுரி