சபை கதவ ஊருக்கும் தொறந்து வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வயசுல இருந்தே சபைக்கு போறவ நான், சபை மேல இருக்குற பாசத்துலதான் இத எழுதுறேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை நடுவுல பையன் அழுதான்னு வெளிய கூட்டிட்டு வந்தேன், பாத்தா ரோட்டோட ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க வண்டிதான், எதிர்வீட்டுக்காரர் அவங்க அம்மாவ வீல்சேர்ல தள்ளிட்டு வந்தவரு ஒரு காருக்கும் பைக்குக்கும் நடுவுல சிக்கி முன்னாடியும் போக முடியாம பின்னாடியும் வர முடியாம நிக்கிறாரு. நான் ஓடிப்போய் பைக்க நகத்தி வழி விட்டேன். அவரு ஒரு வார்த்தை பேசல, அந்த அம்மாதான் என் பையனப் பாத்து சிரிச்சாங்க. உள்ள அந்த நேரம் மைக்ல ஊருக்காக ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

பைபிள்ல எரேமியா 29ம் அதிகாரத்துல, பாபிலோனுக்கு சிறைபுடிச்சிட்டு போன ஜனங்களுக்கு ஒரு கடிதம் வரும்ல. வீட்ட கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த பட்டணத்தோட சமாதானத்த தேடுங்க, அதுக்காக வேண்டிக்கோங்கன்னு. தங்கள அடிமையாக்குன ஊருக்காக! இதுல நாம வேண்டிக்கிறத மட்டும் புடிச்சிகிட்டோம், தேடுறத விட்டுட்டோம்.

ஆரம்பத்துல இப்படி இல்ல. 4ம் நூற்றாண்டுல ரோமப் பேரரசர் ஜூலியனுக்கு கிறிஸ்தவங்கன்னாலே ஆகாது, அவரே தன்னோட பூசாரி ஒருத்தருக்கு எழுதுறப்போ இவங்க தங்க ஏழைங்கள மட்டும் இல்லாம நம்ம ஏழைங்களையும் சேத்து பாத்துக்கிறாங்களேன்னு பொருமுறாரு. அதே நூற்றாண்டுலதான் இப்ப துருக்கில இருக்குற செசரியாவோட பிஷப் பசீல், ஊரே ஒதுக்கி வச்ச தொழுநோயாளிங்களுக்கும் சேத்து ஊருக்கு வெளிய பெரிய மருத்துவ இல்லமே கட்டுனாரு.

இப்ப நாம செய்றது என்ன? வருஷத்துல ஒரு நாள் போர்வை குடுக்குறோம், போட்டோ எடுக்குறோம். அந்த தெருவுல யாருக்காவது போர்வை வேணுமான்னு யாரும் கேட்டதில்ல! முதல்ல போய் கேக்கணும்ங்க. அவங்க சொல்றது நமக்கு புடிக்காததா கூட இருக்கலாம், ஸ்பீக்கர் சத்தத்த குறைங்க, வண்டிய ஒழுங்கா நிறுத்துங்கன்னு சொல்லுவாங்க, அதையும் செய்யணும். உதவிய தூண்டில் மாதிரி போடவும் கூடாது, பசிச்சவங்க கையில சாப்பாட்டோட நோட்டீஸையும் சேத்து திணிக்கிறது எனக்கு சுத்தமா உடன்பாடில்ல. ஏன் செய்றீங்கன்னு அவங்களா கேட்டா தாராளமா சொல்லலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 1953ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார் தற்கொலை எண்ணத்துல தவிக்கிறவங்களுக்காக தன்னோட சர்ச்சுல ஒரு போன வச்சு உக்காந்தாரு. பிரசங்கம் பண்ண இல்ல, காது குடுத்து கேக்க. அதுதான் சமாரிட்டன்ஸ்ங்கிற உதவி அமைப்பா வளந்து இன்னைக்கும் நடக்குது.

எங்க சபை ஹால் வாரத்துல ஆறு நாள் பூட்டியே கிடக்கு, ஃபேன் லைட் பெஞ்ச் எல்லாம் இருக்கு. பக்கத்துல வீட்டுல இடம் இல்லாம படிக்கட்டுல உக்காந்து படிக்கிற பிள்ளைங்கள தினமும் பாக்குறேன். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் தொறந்து விடுங்க, எந்த மதத்துப் பிள்ளையா இருந்தாலும் வரட்டும், சாவிய நான் பொறுப்பா வச்சிக்கிறேன்னு கமிட்டிக்கு எழுதி குடுத்துருக்கேன். இத படிக்கிற மத்த சபைக்காரங்களும் அவங்கவங்க கமிட்டில கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு சபை விசுவாசி