தொட்டில் மாதிரி ஆடும் படகு

கடலூர் முதுநகர்,
ஜூன் 29

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கடலிலேயே தங்கிப் பிடிக்கிற முதல் தங்கலுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், நான் கேட்டதாகச் சொல். ஆனால் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. தேங்காய்த்திட்டில் உன் மச்சான் ஒரு பழைய விசைப்படகை விலை பேசியிருக்கிறார், தொட்டில் மாதிரி மெதுவாக ஆடுகிறது, ஆட்களுக்கு இடுப்பு வலியே கிடையாதாம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துக் காட்டிவிடு.

போன ஐப்பசி வரைக்கும் எங்கள் படகும் தொட்டில்தான். நானே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ராத்திரி இரண்டாவது பாடு வலையை ஏற்றி மீனைத் தளத்தில் கொட்டியிருக்கிறோம், கொண்டல் காற்றின் அலை பக்கவாட்டில் வருகிறது, வலப்பக்கம் சாய்ந்த படகு திரும்பவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே நின்றது. கேபினுக்குள் ஆணியில் மாட்டியிருந்த என் சட்டை, சுவரை விட்டு விலகி அந்தரத்தில் அசையாமல் நின்றதை இன்றைக்கும் பார்க்கிறேன். மீன் மொத்தமும் வழுக்கிப் போய் ஓரப்பலகையில் மோதி, தண்ணீர் வடிகிற துளைகளை அதுவே அடைத்துக்கொண்டது. டிரைவர் படகின் முன்பக்கத்தை அலைக்கு நேராகத் திருப்பிய பிறகுதான் படகு நிமிர்ந்தது. அன்றைக்கு எட்டுப் பேர் இருந்தோம்.

கரைக்கு வந்து யோசித்தால் தப்பு எங்கள் மேலேதான். ஐந்து வருஷத்தில் கேபினுக்கு மேலே படுக்க ஒரு அறை, அதன் தலையில் 500 லிட்டர் தண்ணீர் டேங்க், அதற்குப் பக்கத்தில் உபரி வலை, தளத்தில் டீசல் கேன்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன எடை. ஆனால் பாரம் மேலே ஏற ஏற, சாய்ந்த படகை நிமிர்த்துகிற பலம் குறைகிறது. பலம் குறைந்தால் மெதுவாகத்தான் திரும்பும். அந்த மெதுவைத்தான் நாம் சுகம் என்று நினைத்துவிட்டோம்! அரை டேங்க் தண்ணீர் இன்னும் மோசம், படகு சாய்கிற பக்கத்துக்கே அதுவும் ஓடும்.

இதை அளந்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். துறைமுகத்தில் அலை இல்லாத நேரத்தில், அடியில் நல்ல ஆழம் இருக்கிற இடத்தில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, நாலைந்து பேர் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்து படகை ஆட்டிவிட வேண்டும். ஆடத் தொடங்கியதும் எல்லோரும் நடுவில் நின்றுவிட வேண்டும். போய்த் திரும்பி வந்தால் ஒரு ஆட்டம். சில ஆட்டங்களுக்கு ஆகிற நேரத்தைச் செல்போனில் எடுத்து, இரண்டு மூன்று தடவை செய்து சராசரி பார். எங்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு 7.1 விநாடி வந்தது. படகின் அகலத்தை மீட்டரில் எடுத்து 0.8ஆல் பெருக்கி, அந்த விநாடியால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் நிமிர்த்தும் பலத்தின் அளவு கிடைக்கும். எங்கள் அகலம் 5.5, அதனால் கணக்கு 0.38 மீட்டர். ஒற்றைத் தள மீன்பிடிக் கப்பலுக்கு உலக அளவில் வைத்திருக்கிற விதியே குறைந்தது 0.35 என்கிறது. அதுவும் நாங்கள் அளந்தபோது தளத்தில் ஒரு மீன் இல்லை.

இந்தத் தடைக்காலத்தில், ஏப்ரல் 15இல் கரையேற்றியதும் முதல் வேலையாக மேல் அறையைப் பிரித்தேன். டேங்கைக் கீழே இறக்கி, நடுவில் தடுப்பு வைத்தேன். அடியில் கொஞ்சம் இரும்புப் பாரம். தண்ணீரில் இறக்கி அளந்தால் 5.8 விநாடி, கணக்குக்கு 0.58. மனசு ஆறியது. ஆனால் இப்போது படகு வெடுக் வெடுக்கென்று ஆடும். இடுப்பு போகும் என்று ஆட்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

இங்கேதான் ஆட்டத்தைக் குறைக்கிற வழிகளைப் பற்றி நீ கப்பலில் ஃபிட்டராக இருந்தபோது சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. 1932இல் இத்தாலிக்காரர்கள் கான்டே டி சவோயா கப்பலில் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று ஜைரோ சக்கரங்களைச் சுழலவிட்டார்கள் என்றாயே. நமக்கு அது ஆகாது. பக்கத்தில் நீட்டுகிற இறக்கை வேகமாக ஓடினால்தான் வேலை செய்யும், வலை இழுக்கிற மூன்று நாட் வேகத்தில் அது சும்மாதான் கிடக்கும். கம்பு நீட்டி இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் பலகை தொங்கவிடுவது அமெரிக்க மீன்பிடிப் படகுகளில் உண்டு, ஆனால் நம் நெரிசலில் அடுத்தவன் வலையில் மாட்டும்.

மிச்சம் இருந்தது பில்ஜ் கீல்தான். படகின் அடி வளைந்து பக்கமாகத் திரும்புகிற இடத்தில் இரண்டு புறமும் நீளவாக்கில் ஒரு கட்டை, அவ்வளவுதான். படகு ஆடும்போதெல்லாம் அந்தக் கட்டை தண்ணீரைக் கிழித்துச் சுழல் உண்டாக்கும், ஆட்டத்தின் வேகம் அந்தச் சுழலில் கரைந்துபோகும். படகு நின்றாலும் வேலை செய்யும். மேஸ்திரி நம்பவில்லை. இந்தச் சின்னக் கட்டை கடலை நிறுத்துமா என்று கேட்டார். இங்கிலாந்துக் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃபிரவுட் 1872இல் அங்கே பிளைமவுத் பக்கம் ஒரே மாதிரி இரண்டு கப்பல்களை நிறுத்தி, கிரேஹவுண்டுக்கு மட்டும் கட்டை வைத்து, பெர்சியஸை அப்படியே விட்டுப் பார்த்ததில் கட்டை வைத்தது ஏறக்குறைய பாதிதான் ஆடியது என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அளவு கேட்டார்.

52 அடிப் படகுக்கு 18 அடி நீளம், 9 அங்குல அகலம். முகத்துவாரத்து மண்மேட்டில் தட்டாமல் இருக்க படகின் நடு அடிக்கட்டையான ஏராவை விட மேலேயே நிறுத்தினோம், துறைமுகப் பாலத்தில் அணையும்போது உரசாமல் இருக்கப் படகின் அகலத்துக்கு உள்ளேயே. இரண்டு முனையையும் சீவிச் சரித்தார். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டையை நேராக உடம்புப் பலகையில் அடிக்காமல், முதலில் ஒரு தாங்கு பலகையை உள்ளே இருக்கிற விலாக்கட்டைகளோடு போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் கட்டையைக் கொஞ்சம் லேசாகப் பிடிக்கவைத்தார். எதிலாவது மோதினால் கட்டை மட்டும் பிய்ந்து போகட்டும், படகில் ஓட்டை விழக் கூடாது என்றார்.

முன்பு ஆட்டிவிட்டால் ஒன்பது பத்து ஆட்டம் போகும். இப்போது ஐந்தாவதிலேயே அடங்குகிறது, ஆனால் விநாடி கிட்டத்தட்ட அதேதான். பலம் குறையாமல் ஆட்டம் மட்டும் குறைந்திருக்கிறது. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது, குடிக்கட்டும். முதல் தங்கலில் தெற்கிலிருந்து நெடிய அலை வந்தபோது சமையல்காரர் அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியைக் கையால் பிடிக்காமல் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். ஐந்து வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

மச்சானிடம் சொல், படகை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அளக்கட்டும், கேபின் மேலே என்னென்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கட்டும், சாய்ந்தால் அங்கேயே நிற்கிறதா என்று அதில் தொழிலுக்குப் போனவர்களைக் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் தொழிலுக்குப் போகவில்லை, காலை பஸ்ஸில் புதுச்சேரி வந்துவிடுகிறேன். நாலு ஆள் மட்டும் தயாராக இருக்கட்டும். அகலம் அளக்க டேப் நான் கொண்டு வருகிறேன், அம்மாவுக்கு நண்டும்.

உன்,
முருகன்