தராசில் வைத்துப் பார்த்தேன்

மன்னார்குடி,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதத்தான் இம்முறை தயக்கமாக இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா, மண்டபத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்ற ஒரே பதில்தான் தை மாதத்திலிருந்து வருகிறது. மாப்பிள்ளையைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா அத்தை" என்று இழுக்கிறார். ஆகையால் அதைக் கேட்காமல் கேமராவைப் பற்றி எழுதுகிறேன். கல்யாணப் படம் எடுப்பவள், கேமராவைப் பற்றி என்றால் நீ கடைசி வரி வரை படிப்பாய்.

ஐப்பசி அடைமழையில், வழக்கம்போல் அப்பாவின் லென்ஸ் டப்பாக்களைத் திறந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது 135 எம்.எம். லென்ஸின் உள்கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் போல வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அது போனது போனதுதான். 50 எம்.எம். தப்பித்துவிட்டது. அதே தட்டில் பின்பக்கமாக, உன் பழைய துப்பட்டாவில் சுற்றியபடி, நீ விட்டுச்சென்ற அந்தச் சின்ன சோனி ஏ6000 இருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் அதைத் தொட்டதே இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று என்னவோ பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து முப்பது ஆண்டுகள் டச்சப் செய்த கண்கள் இவை. இப்போது இரண்டிலும் புரை எடுத்தாகிவிட்டது. அப்பாவின் நிக்கான் எஃப்.எம்.2 கேமராவில் கண் வைத்தால் ஃபோகஸ் சேர்ந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. இந்தச் சின்னதின் வ்யூஃபைண்டர் அப்படி இல்லை. அதில் தெரிவது நேரே வரும் வெளிச்சம் அல்ல, சென்சார் பார்ப்பதைக் காட்டும் சின்னத் திரை. வெளிச்சம் கூடினால் கூடுதலாகவும் குறைந்தால் குறைவாகவும் விழப்போகும் படத்தையே முன்னதாகக் காட்டிவிடுகிறது. தம்பியிடம் சொல்லி ஓர் அடாப்டர் வரவழைத்து, அப்பாவின் 50 எம்.எம். லென்ஸை அதில் மாட்டினேன். முதலில் ஷட்டர் விழவே இல்லை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்று மெனுவில் ஓரிடத்தில் சொல்லிவைக்க வேண்டுமாம், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் ஆயிற்று. அதன் பிறகு வளையத்தைத் திருப்பத் திருப்ப, ஃபோகஸ் சேர்ந்த விளிம்புகள் நிறம் மாறி மின்னுகின்றன. வயல் பக்கம் போய், அறுத்த சம்பா அடித்தாளுக்கு நடுவே பூத்திருக்கும் உளுந்தை எடுத்தேன். பூவின் மேலிருந்த எறும்பு கூர்மையாக வந்திருக்கிறது. அறுபத்தாறு வயதில் எனக்கு அது போதும்.

அந்த அடாப்டரைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணாடி ஒன்றும் இல்லை; வெறும் குழாய். நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மில்லிமீட்டர், சோனியில் 18, மிச்சம் 28.5 மில்லிமீட்டரும் அந்தக் குழாய்தான். நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அது எழும்பி விழ ஓர் அறை, அதன் தலைமேல் பட்டகம் ஒன்று: எஸ்.எல்.ஆர். என்றால் இவ்வளவும் வேண்டும். கண்ணாடியை எடுத்துவிட்டால் அந்த அறையே வேண்டாம். நம் வீட்டில் உரலை எடுத்த பிறகும் உரல் அறை என்று ஒன்று பல காலம் கிடந்ததே, அதுபோல அந்தக் காலி அறையை நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைகிறாய்.

பக்கத்து மளிகைக் கடை மின்தராசில் வைத்துப் பார்த்தேன். உன் சின்ன கேமரா, பேட்டரி, கார்டு, கூட வந்த சின்ன லென்ஸ் எல்லாம் சேர்த்து 460 கிராம். உன் பெரிய கேமராக்கள் இங்கே இல்லாததால் கணக்கு மட்டும் போட்டேன். நிக்கான் டி750 ஒன்று 840 கிராம், இரண்டுக்கு 1,680. 24-70 ஜூம் லென்ஸ் 900 கிராம், 70-200 ஜூம் லென்ஸ் 1,540. ஆக 4,120 கிராம். ஃப்ளாஷும் மாற்று பேட்டரிகளும் இதில் சேரவில்லை. கணக்கோடு நிற்க மனம் வரவில்லை. நான்கு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி வலது தோளில் மாட்டிக்கொண்டு ஹரித்ரா நதித் தெப்பக்குளக் கரையில் ஒரு பக்கம் மட்டும் நடந்தேன். ஊர் சிரித்திருக்கும், சிரிக்கட்டும். வீடு திரும்பிப் பையை இறக்கியபோது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், சாவியைப் பூட்டில் நுழைக்க முடியவில்லை. நான் நடந்தது அரை மணி நேரம்கூட இருக்காது. நீ விடியற்காலை ஜானவாசத்துச் சோபாவை ஒதுக்குவதிலிருந்து கட்டுசாதம் கட்டும் வரை நிற்கிறாய்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது காபி டவரா தம்ளரை இடக்கையால் எடுத்தாய். பிறந்ததிலிருந்து நீ வலக்கைக்காரி. நான் பார்த்ததை நீ பார்த்தாய். உடனே தம்ளரைக் கீழே வைத்துவிட்டு "சூடா இருக்கும்மா" என்றாய். அது ஆறிப்போன காபி, கயல்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். சின்னதாக மாற்றிக்கொள். ஆனால் கேமரா பாடியை மட்டும் மாற்றி ஏமாந்துவிடாதே. கனம் லென்ஸில் இருக்கிறது. 2018 இல் நிக்கானே பெரிய சென்சார் கேமராவிலும் கண்ணாடியை விட்டு இசட்6, இசட்7 என்று இறங்கியபோது, பழைய லென்ஸ்களை மாட்ட எஃப்.டி.இசட். அடாப்டரையும் கொடுத்தது. உன் இரண்டு ஜூம்களையும் அதில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், ஆனால் தோளுக்கு ஒரு பயனும் இல்லை. பெரிய சென்சாரும், வெளிச்சம் நிறைய வாங்கும் எஃப்/2.8 ஜூமும் வேண்டும் என்றால் கண்ணாடி இல்லாத கேமராவிலும் லென்ஸ் பெரிதாகத்தான் இருக்கும். ஒளியியலுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது. இசட்6 இரண்டு, 24-70 எஃப்/4, 85 எஃப்/1.8 என்று வைத்துக்கொண்டால் 2,320 கிராம், ஏறக்குறைய பாதி. ஃபியூஜியின் எக்ஸ்-டி30 இரண்டு, 35, 50 என்று எஃப்/2 லென்ஸ்கள் இரண்டு போதும் என்றால் மொத்தமே 1,136 கிராம். உன் 70-200 இல் மூன்றில் ஒரு பங்கு முகூர்த்தம்கூட நீ எடுப்பதில்லை என்று ஆல்பங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. மணவறைக்குள்ளேயே நிற்பவளுக்கு அவ்வளவு தூரத்து லென்ஸ் எதற்கு?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்பாய். பேட்டரி நிற்காது. உன் டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் என்று அளந்து போட்டிருக்கிறார்கள். இந்த ஏ6000 க்கு 360 தான். ஒரு கல்யாணத்துக்கு நான்கு பேட்டரியாவது மடியில் இருக்க வேண்டும். கண்ணாடி மறைக்காததால் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் பளிச்சென்று வெளியே தெரிகிறது. அட்சதையும் விபூதியும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே. பாடிக்கு ஒரு லென்ஸாக இரண்டு பாடி வைத்துக்கொள். இருட்டில் வ்யூஃபைண்டர் கொஞ்சம் பொரிப் பொரியாகத் தெரிகிறது. இந்தச் சின்னதுக்கு இன்னும் 'டக்'கென்ற சத்தம் உண்டு; புதியவை சத்தமே இல்லாமல் எடுக்குமாம். ஓதுவார் பாடும்போதும் திருவையாற்று ஆராதனையிலும் அது எவ்வளவு நாகரிகமாக இருக்கும்! ஆனால் ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. விளக்குகளுக்கு முன்னால் அந்தச் சத்தமில்லா ஷட்டரை நம்பாதே, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்: சின்னதாக மாற்றிக்கொள்.

கெட்டிமேளத்தைப் பற்றி அப்பா சொல்வது உனக்கு நினைவிருக்கும். "தாலி கட்டுறதைப் படம் பிடிச்சவன் பார்த்ததே இல்லை" என்பார். அழுத்தும் நொடியில் கண்ணாடி எழும்பி வ்யூஃபைண்டர் இருண்டுவிடும் அல்லவா. இருளாமல் தெரிந்தால் படம் தவறிவிட்டது என்று பொருள். இப்போது சில கேமராக்களில் அந்த இருட்டும் இல்லையாம். 2008 இல் பானசோனிக் ஜி1 வந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை, அப்புறம் எதைப் பார்ப்பது என்று கேட்டவர், இதைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஆஸ்கர் பர்நாக் கதையையும் அவர்தான் உனக்குச் சோறூட்டும்போது சொல்வார். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் நுண்ணோக்கி செய்யும் லைட்ஸ் நிறுவனத்து ஊழியர், ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடு போடும் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய மூச்சு இடம் கொடுக்காமல், சினிமா ஃபிலிமில் எடுக்கும் சிறிய கேமரா ஒன்றை 1914 வாக்கில் தனக்கென்று செய்துகொண்டார். அதுதான் 1925 இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்று விற்பனைக்கு வந்தது. உடம்பு முடியாத ஒருவர், முடியவில்லை என்பதை மறைக்காமல் விட்டதால் வந்த கேமரா அது. கதை சொன்ன மனிதர் மட்டும் கழுத்து வலிக்குப் போட்ட பட்டையைச் சட்டைக் காலருக்குள் மறைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போனார்.

சென்ற வாரம் மேலத்தெருப் பெண் உன் ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மணப்பெண்ணின் பாட்டி, கூட்டத்துக்குப் பின்னால் தூணைப் பிடித்தபடி எம்பிப் பார்க்கிற படம். அவருடைய குதிகால் தரையிலிருந்து எழும்பியிருப்பதை நீ மட்டும்தான் பார்த்திருப்பாய். எனக்குத் தொண்டை அடைத்தது. அதை அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அது 35 எம்.எம். லென்ஸில் எடுத்தது, பெரிய ஜூமில் அல்ல என்பதையும் கவனித்தேன். இப்படி எடுக்கத் தெரிந்தவள் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் இருக்கிறாளே என்று கோபமும் வந்தது.

கோபப்பட எனக்கு உரிமை இல்லை. 2015 இல் உன் முதல் சம்பளத்தில் இந்த ஏ6000 ஐ வாங்கிக்கொண்டு வந்து ஸ்டுடியோ மேசையில் வைத்தாய். நான் அதைக் கையில்கூட வாங்காமல், வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு முன்னால், "பொம்மை கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போனா எவன் அட்வான்ஸ் கொடுப்பான்?" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதைத் துப்பட்டாவில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாய். அடுத்த ஆண்டு என் இரட்டை வளையலை விற்று உனக்கு டி750 வாங்கிக் கொடுத்தேன், ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். உன் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. உன் கழுத்தில் தொங்கிய கேமராவைத்தான் பார்த்தேன். கேமரா பெரிதாக இருந்தால்தான் தொழில் தெரிந்தவர் என்று பெண் வீட்டார் நம்புவார்கள் என்பது நான் கண்ட பயம். பெண்பிள்ளை போகிறாள், ஒரு கனம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவின் தோளுக்கும் நான்தான் தைலம் தேய்த்தேன். தேய்த்துவிட்டு, அந்த ஆவணியில் எட்டு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பியதும் நான்தான். இதை உன் தம்பியிடம்கூட நான் சொன்னதில்லை.

அம்மாவின் வளையல் அதில் இருக்கிறதே என்றுதான் நீ அந்த டி750 ஐ விடாமல் சுமக்கிறாய் என்றால், விற்றுவிடு. வரும் விலைக்கு விற்றுவிடு. வளையல் போனது போனதாக இருக்கட்டும். சின்னதாக மாற்றிக்கொள். வாடிக்கையாளர்கள் கேட்டால், என் அம்மா நாற்பது வருடம் ஸ்டுடியோவில் இருந்தவர், அவர்தான் இதை வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று சொல்.

பங்குனியில் நம் ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு வந்துவிடு. வரும்போது ஒரு கேமராவும் கொண்டுவராதே. ஏ6000 இங்கே இருக்கிறது, அப்பாவின் 50 எம்.எம். இருக்கிறது. வெண்ணெய் தெறித்தால் துடைக்க அவருடைய மல்துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பேட்டரிகளுக்கு முந்தின இரவே சார்ஜ் ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா.

பி.கு.: எந்த டாக்டரைப் பார்த்தாய், என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுது. ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.